நொங்கு என்று பேர் வைத்த டேபிள்

மாஜிதா கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழைந்தபோது அவளுடைய நாற்காலியில் பரிபூரணம் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் மாஜிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மதுரையிலிருந்து எவனாவது ஒருத்தனைக் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள், அவன் தன் ப்ரோக்ராமைக் குடைந்து தள்ளிவிடுவான் என்று நேற்றெல்லாம் பயந்து செத்தவள் அவள். பரிபூரணம் என்றால் என்ன பயம்? கூடப்பிறக்காத குறைதான்.

"வாட்டி, அந்த ஸ்டூல்ல உக்காரு," என்றாள் பரிபூரணம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேறொரு நாளாக இருந்தால், "என் சேர்ல நீ உக்காந்துக்கிட்டு எனக்கு ஸ்டூலா? எந்திரிட்டி!" என்று இடுப்பில் கிள்ளி எழுப்பியிருப்பாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலாளி பொன்னுராஜ் கதவருகே நின்றிருந்தார்.

"பரிபூரணம் பாக்கட்டும். நீ கீபோர்டுல கை வைக்கப்படாது," என்றார் அவர். "எழுதினவளே தப்பத் தேடுனா கெடைக்குமா? தப்பு உன் ப்ரோக்ராம்லதான்னு தெரிஞ்சிதுன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி நீ கெளம்பிரணும். ஆஸ்பத்திரிக்காரன் போன் பண்ணுவான். ஆள நிப்பாட்டிட்டேன்னு நான் பதில் சொல்லியாகணும்."

"சரிங்க அண்ணாச்சி," என்றாள் மாஜிதா. வேறென்ன சொல்வாள்?

விஷயம் இதுதான். பொன்னுராஜ் கம்பெனியில் ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியும் பேண்டேஜும் தயாராகின்றன. துணியை வெட்டி மடித்துப் பொட்டலம் கட்டி, நீராவி மிஷினுக்குள் வைத்துக் கிருமி போக்குவார்கள். ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து லேபில் சோதித்து, பாஸா ஃபெயிலா என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். தினம் காலையில் அதிலிருந்து ஒரு லிஸ்ட் அச்சாகும். ஒரு ஃபெயில்கூட இல்லாத லாட்டுக்கு நேராக 'அனுப்பலாம்' என்று இருக்கும். அந்த லிஸ்டைப் போடுகிற ப்ரோக்ராமை, அதாவது சர்வரிலேயே இருந்து ஓடுகிற ஸ்டோர்டு ப்ரோசீஜரை, எழுதியவள் மாஜிதா. அதன் உச்சியில் அவள் பெயர் இருக்கிறது.

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி பெட்டியாகப் பேண்டேஜ் திரும்பி வந்துவிட்டது. தையல் போட்ட இடமெல்லாம் சீழ் பிடிக்கிறதாம். லேபில் கேட்டால், அந்த லாட் ஃபெயில் என்று நாங்கள் அன்றைக்கே ஏற்றிவிட்டோம் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஏற்றித்தான் இருக்கிறார்கள். லிஸ்டில் மட்டும் 'அனுப்பலாம்' என்று வந்திருக்கிறது. நடுவில் இருப்பது மாஜிதாவின் ப்ரோசீஜர் ஒன்றுதான். வேறு யாரைப் பிடிப்பார்கள்?

வேலை போவதுகூடப் பெரிதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவளுடைய அத்தா ஹமீது வளையல் கடை வைத்திருக்கிறார். பொட்டப்பிள்ளையை ராஜபாளையத்துக்கு வேலைக்கு அனுப்புகிறானே என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மூக்கைச் சிந்தியபோது, "என் மவ மிஷினுக்கே கணக்குச் சொல்லிக்குடுக்கா, உங்களுக்கென்ன வலிக்கி?" என்று கேட்ட மனுஷன். அவர் மகள் ஆஸ்பத்திரிக்கு அழுக்குத் துணி அனுப்பியவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவர் கடையில் எப்படி உட்காருவார்? இந்தப் பெயரோடு வேறு எந்தக் கம்பெனிதான் அவளைச் சேர்த்துக்கொள்ளும்?

இந்த நிலைமையில் பரிபூரணம் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நிம்மதி வராமல் என்ன செய்யும்? கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்க்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறி, மத்தியானம் ஒரே டப்பாவில் கை விட்டுத் தின்கிற சினேகிதம். பரிபூரணம் வேதக்காரப் பெண், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு. முத்துவீரன் என்று ஒரு இந்துப் பையனை விரும்பினாள். இரண்டு வீட்டிலும் வெட்டுவேன் குத்துவேன் என்று நின்றபோது, ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் மாஜிதா. வேலையில்லாமல் திரிந்த முத்துவீரனுக்காக முதலாளியிடம் போய் நின்று, நீராவி மிஷின் பக்கம் வேலை வாங்கிக் கொடுத்தவளும் மாஜிதாதான். இப்போது இரண்டாம் நம்பர் மிஷின் அவன் பொறுப்பு.

"ஆரம்பிம்மா," என்றார் முதலாளி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

பரிபூரணம் தொண்டையைச் செருமினாள். "அண்ணாச்சி, இந்த ப்ரோசீஜர் ஓடும்போது உள்ளுக்குள்ள தற்காலிகமா ஒரு அட்டவணை, டெம்ப் டேபிள்னு, போடும். லேப் ரிசல்ட்ட எல்லாம் அதுல அள்ளிப்போட்டு, சலிச்சு, பொறவு லிஸ்ட் அடிக்கும். ஓடி முடிச்சதும் அந்த டேபிள் தன்னால அழிஞ்சிரும். அதனால கடைசியா வார லிஸ்ட்ட மட்டும் பாத்தா தப்பு எங்கனு தெரியாது. நான் ப்ரோசீஜரத் துண்டு துண்டா எடுத்து ஓட்டி, நடுவுல டேபிள்ல என்ன இருக்குனு காட்டுதேன்."

சரியாகத்தான் சொன்னாள். மாஜிதா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். பரிபூரணம் சர்வரில் இருந்த ப்ரோசீஜரைத் திரையில் ஒரு விண்டோவுக்குக் கொண்டுவந்து, டெம்ப் டேபிள் உண்டாகிற முதல் துண்டை மட்டும் குறித்து ஓட்டினாள். ஓடிற்று. அடுத்தது, அதே விண்டோவில் டேபிளைத் திறந்து காட்ட வேண்டும்.

அவள் புதிதாக இன்னொரு விண்டோவைத் திறந்தாள்.

மாஜிதாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவசரத்தில் கை தவறிவிட்டது என்று நினைத்தாள். பரிபூரணம் அந்தப் புது விண்டோவில் டெம்ப் டேபிளின் பெயரை நிதானமாக அடித்து, காட்டு என்று கட்டளை கொடுத்தாள். அப்படி ஒரு டேபிளே கிடையாது என்று சர்வர் பதில் சொல்லிற்று.

"பாத்தீங்களா அண்ணாச்சி?" பரிபூரணத்தின் குரல் நடுங்கவே இல்லை. "டேபிளே உண்டாகல. அடித்தளமே தப்பு. அப்பொறம் எங்க சலிக்க? லிஸ்டு அது இஷ்டத்துக்கு வருது. மாஜி நல்லாத்தான் எழுதுவா. இதுல அசந்துட்டா."

அட பாவி!

அவள் காட்டியது புரட்டு என்பது, அவளைத் தவிர அந்த அறையில் மாஜிதாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு விண்டோவில் உண்டான டெம்ப் டேபிளை இன்னொரு விண்டோவிலிருந்து பார்க்கவே முடியாது. அது உண்டாக்கிய விண்டோவுக்கு மட்டுமே சொந்தம். இது தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க அல்லாடியிருக்கிறார்கள். ஒரு விண்டோவில் ஓட்டுவது, மற்றதில் தேடுவது, காணோம் காணோம் என்று தலையில் கை வைப்பது. கடைசியில் சர்வரில் கோளாறு என்று அதை விற்ற மதுரைக் கம்பெனிக்கு போன் போட்டபோது அங்கே இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு அதுவே இருவருக்கும் கேலிப் பேச்சாகிவிட்டது. பஸ்ஸில் டிக்கெட்டைக் காணோமா? "எந்த விண்டோவுல தேடுறட்டி?" முத்துவீரன் சொன்ன நேரத்துக்கு வரவில்லையா? "எந்த விண்டோவுல தேடுறட்டி?" பக்கத்து சீட்டுப் பெண்கள் இவளுகளுக்குப் பைத்தியமா என்று பார்ப்பார்கள்.

அந்தப் பரிபூரணத்துக்கா இது தெரியாது?

ஒருவேளை பயத்தில் மறந்திருப்பாளோ என்று அந்த நிமிஷத்திலும் மாஜிதாவின் மனசு அவளுக்காகவே வாதாடியது. மெதுவாக வாயைத் திறந்தாள்.

"எந்த விண்டோவுல தேடுறட்டி?"

பரிபூரணத்தின் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை. சிரிக்கவும் இல்லை. அது போதும் மாஜிதாவுக்கு. மறதியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. தெரிந்தேதான் செய்கிறாள்.

"என்னம்மா சொல்லுத?" என்றார் முதலாளி.

மாஜிதா எழுந்தாள். "அண்ணாச்சி, என் மடியில முடிஞ்சி வச்சிருக்கத அடுத்தவ மடியில தேடிட்டு, இல்லைன்னு சொன்னா ஞாயமா? டேபிள் உண்டானது அந்த விண்டோவுல. பாக்கது இந்த விண்டோவுல. இது இவளுக்கும் தெரியும். அந்த விண்டோவுக்குத் திரும்பிப் போயி ஒரே ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க."

"ரெண்டும் ஒரே பெட்டிதான? எதுல பாத்தா என்ன?"

"பாக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

முதலாளி பரிபூரணத்தைப் பார்த்தார். "பாரேம்மா. பாத்தா என்ன கொறஞ்சிரும்?"

பரிபூரணம் அசையவில்லை. மாஜிதா கையை நீட்டி, பழைய விண்டோவுக்குப் போய், டேபிளைக் காட்டச் சொன்னாள். கீபோர்டைத் தொடக்கூடாது என்று சொன்ன முதலாளி தடுக்கவில்லை. திரை நிறைய வரிசை வரிசையாக லேப் ரிசல்ட்டுகள் வந்து நின்றன. லாட் நம்பர், மிஷின் நம்பர், பாஸ், ஃபெயில். திரும்பி வந்த லாட்டும் அதில் இருந்தது. இரண்டாம் நம்பர் மிஷின், ஃபெயில்.

"இருக்கே!" என்றார் முதலாளி. "இல்லைன்னா?"

மாஜிதா அடுத்த துண்டை ஓட்டினாள். டேபிளைப் பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தன. அதற்கடுத்த துண்டு. டேபிள் சுருங்கிப்போயிற்று. இரண்டாம் நம்பர் மிஷினின் ஃபெயில் ஒன்றைக்கூடக் காணோம். ஒன்றாம் நம்பர் மிஷினின் ஃபெயில்கள் மட்டும் இருந்தன. அவள் இப்போது ஓட்டிய துண்டின் நடுவில் அவள் எழுதாத ஒரு வரி கிடந்தது. மிஷின் நம்பர் இரண்டு, ரிசல்ட் ஃபெயில் என்றால் டேபிளிலிருந்து அழித்துவிடு. அம்புட்டுத்தான். லேபில் ஏற்றியதைத் தொட்டால் லேப்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். டெம்ப் டேபிளில் அழித்தால் ஓடி முடிந்ததும் டேபிளோடு தடயமும் போய்விடும். ஃபெயிலே இல்லாத லாட் 'அனுப்பலாம்' என்று அச்சாகிவிடும்.

முத்துவீரனின் மிஷின். மாஜிதா வாங்கிக் கொடுத்த வேலை.

"இந்த வரிய நான் எழுதல அண்ணாச்சி. நான் எழுதி என் ஃப்ளாப்பியில நகல் எடுத்து வச்ச ப்ரோசீஜர்ல இது கெடையாது."

அப்போதுதான் பரிபூரணம் வாயைத் திறந்தாள். "மேல யார் பேரு இருக்கு? அவ பேருதான? போன வாரம் லிஸ்ட்டோட தலைப்ப மாத்தச் சொன்னீகன்னு நான் ப்ரோசீஜர எடுத்துத் திரும்ப ஏத்துனேன், சர்வர்ல அந்தத் தேதிதான் இருக்கும். அதுக்கு முன்னயே இந்த வரி இருந்துச்சு. நான் உள்ள படிச்சுப் பாக்கல. ஃப்ளாப்பியில வரிய எடுத்துட்டு இல்லைன்னு சொல்ல எம்புட்டு நேரமாகும்?"

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போயிற்று. "ரெண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. எவ போட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? மாஜிதா, உன் பேரு இருக்க ப்ரோக்ராம். நீதான் பதில் சொல்லணும்."

அவ்வளவுதானா? சாட்சிக் கையெழுத்துப் போட்ட கைக்கு இதுதான் கூலியா? கத்தி ஊரைக் கூட்டலாமா என்று இருந்தது மாஜிதாவுக்கு. கண்ணீர் வேறு முட்டிக்கொண்டு வந்தது. இவள் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று திரையை வெறித்தபோது அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

பரிபூரணம் எதையும் சோதிக்காமல் விடமாட்டாள். டெம்ப் டேபிள் அழிந்துபோகுமுன் அதை அப்படியே ஒரு நிரந்தர டேபிளாக நகல் எடுத்து வைத்துக்கொண்டு, சாவகாசமாகப் பார்ப்பது அவள் பழக்கம். பார்த்து முடித்ததும் நகலை அழிக்க வேண்டும். அதுதான் அவளுக்கு வராது. அந்த நகல்களுக்கு அவள் வைக்கிற பெயர்களோ, கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு என்ன தின்றாளோ அதுதான் பெயர். புரோட்டா, புரோட்டா2, சேவு, முறுக்கு, பருத்திப்பால். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் உட்கார்ந்து அவற்றையெல்லாம் அழிப்பது மாஜிதாவின் வேலை. "தின்ன எலைய எடுக்காமப் போறவளே!" என்று வைவாள். "நீ இருக்கேல்ல, அழிச்சிருட்டி," என்பாள் பரிபூரணம்.

ஒரே ஒரு பெயரை மட்டும் மாஜிதா அழிக்காமல் விட்டிருந்தாள். நொங்கு.

பக்ரீத் அன்று மாஜிதா லீவு. பரிபூரணம் வேலை பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, வீட்டில் எல்லாரோடும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டாள். மாஜிதாவின் அம்மாவுக்கென்று காலையிலேயே ஓலையில் கட்டி வாங்கி வைத்திருந்த நொங்கையும் கொண்டுவந்தாள். "உங்களுக்குச் சூட்டு ஒடம்பும்மா, தின்னுங்க," என்று தானே தோண்டிக் கொடுத்தாள். அந்த வாரச் சனிக்கிழமை டேபிள்களை அழிக்கும்போது அந்தப் பெயரைப் பார்த்ததும் மாஜிதாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. வாங்கும்போதே ஒன்றைத் தின்றிருப்பாள் திருடி, என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே திறந்துகூடப் பார்க்கவில்லை. இது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அதைத் திறந்தாள்.

லேப் ரிசல்ட்டுகள். இரண்டாம் நம்பர் மிஷின், ஃபெயில், ஃபெயில், ஃபெயில். அதோடு சேர்த்து அழிக்காமல் விட்ட நொங்கு2 பக்கத்திலேயே இருந்தது. அதே ரிசல்ட்டுகள், இரண்டாம் நம்பர் மிஷினின் ஃபெயில் மட்டும் இல்லை. அழிப்பதற்கு முன்னால் ஒரு நகல், அழித்த பின்னால் ஒரு நகல். எத்தனை சுத்தமாகச் சோதித்திருக்கிறாள்!

"அண்ணாச்சி, இதப் பாருங்க. இந்த டேபிள் என்னைக்கு உண்டாச்சுன்னு சர்வர் தானே குறிச்சி வச்சிருக்கும்." தேதியை வரவழைத்தாள். கூடவே நேரமும் வந்தது, காலை நேரம்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். தேதியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"இது பக்ரீத்துல்லா? அன்னைக்கு நீ வரலியே. எனக்குத் தூக்குவாளியில பிரியாணி குடுத்து விட்டியே." அவர் குரல் இறங்கிப்போயிற்று. "காலையில இந்த ரூமுல யாரு இருந்தா?"

பரிபூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்கம்லா? யாரு இருந்தா?"

"எங்க வீட்டுக்காரவிய மிஷின்ல ஆவி சரியா ஏறல அண்ணாச்சி," என்று பரிபூரணம் உடைந்தாள். "வால்வு அவிய கையாலதான் ஒடஞ்சது. தெரிஞ்சா வேல போயிரும்னு பயந்து... ரெண்டு நாள்ல சரி பண்ணிருவேன்னாக. ரெண்டு நாளைக்குனுதான் அந்த வரியப் போட்டேன். சத்தியமா ரெண்டு நாளைக்குத்தான்."

முதலாளி அதற்குமேல் கேட்கவில்லை. "முத்துவீரன எங்க? அந்த மிஷின நிப்பாட்டுங்கலே!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினார். மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் அவர் சத்தம் கேட்டது.

அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். பரிபூரணம் அழுதுகொண்டே நாற்காலியை விட்டு எழுந்தாள். மாஜிதா உட்கார்ந்தாள். அந்த வரியை எடுத்தாள். இத்தனை நாளும் அனுப்பிய லாட்டுகளில் எவையெவை ஃபெயில் என்று புதிதாக லிஸ்ட் போட வேண்டும், ஆஸ்பத்திரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கை வேலை செய்தது. மனசு அந்தப் பிரியாணித் தட்டைச் சுற்றியே நின்றது. காலையில் இந்த வரியைப் போட்டிருக்கிறாள். அது சரியாக அழிக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு நொங்கைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, என் அத்தா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் கறி வைங்க அத்தா என்று கேட்டிருக்கிறாள்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லட்டி," என்றாள் மாஜிதா. "அவனுக்காக ஒரு தடவ போயி நின்னவ, இன்னொரு தடவ நின்னிருக்க மாட்டேனா?"

பரிபூரணம் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சரி, புருசனுக்காக வரியப் போட்ட. இன்னைக்கி அந்த விண்டோவத் தொறந்தியே, அது யாருக்காக?"

பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள். திரையின் மூலையில் நொங்கு, நொங்கு2 என்று இரண்டு பெயரும் இன்னும் தெரிந்தன.

"மாஜி, அவரு பாத்துட்டாருல்ல. அத அழிச்சிருட்டி."

சனிக்கிழமைதோறும் சொன்ன அதே சொல், அதே குரல். மாஜிதாவின் விரல் பழக்கத்தில் கீபோர்டுக்குப் போயிற்று. போன விரலை மடக்கிக்கொண்டாள்.

"கெடக்கட்டும்," என்றாள்.

பரிபூரணம் போன பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, ஃபெயில் லாட் லிஸ்டை அச்சுக்குக் கொடுத்தாள்.